மல்யுத்த வீடியோ விளையாட்டும் 'ஆர்கேட்' என்ற சொல்லும்

கோவில்பட்டி,
22.05.2023

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் வெளிவரவிருக்கும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இத்துறைக்கு முழுப்பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் வரும் ஜூன் 29ஆம் தேதி வெளியாகவுள்ள 'ஏ.இ.டபிள்யூ: ஃபைட் ஃபாரெவர்' என்னும், ஆல் எலீட் ரெஸ்லிங் (ஏ.இ.டபிள்யூ.) அமைப்பின் தொழில்முறை மல்யுத்த விளையாட்டுக்கு அக்கட்டுரை மூன்றே வரிகளை அளித்திருந்தது. அந்த மூன்று வரிகளிலும் 'ஆர்கேட் பாணி' என்ற சொல் ஒரு குறையைச் சுட்டுவதுபோலவே ஆளப்பட்டிருந்தது. உருவங்கள் பொம்மைகளைப்போல இருக்கின்றன, பொத்தான்களைக் கையாள்வது எளிது, ஆகவே இது சிறுவர்களுக்கு உரியது என்பது அந்த வரிகளின் சாரம். அதை மறுக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கூடவே ஒரு தகவல் பிழையையும் திருத்த வேண்டியிருக்கிறது.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிண்டெண்டோ 64 கன்சோலுக்காக வெளியான 'டபிள்யூ.டபிள்யூ.எஃப். நோ மெர்சி' விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே இப்புதிய விளையாட்டையும் உருவாக்குவதாகக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். 'நோ மெர்சி'யை உருவாக்கியது அகி என்ற ஜப்பானிய நிறுவனம். 'ஃபைட் ஃபாரெவர்' விளையாட்டை உருவாக்குவது யூக்ஸ் என்ற வேறொரு ஜப்பானிய நிறுவனம். அதே 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்காக 'ஸ்மாக்டவுன்' விளையாட்டை உருவாக்கியது இந்த யூக்ஸ்தான். இரண்டையும் வெளியிட்டது டி.எச்.க்யூ. என்ற ஒரே பதிப்பாளர் என்பதால் குழப்பம் நேர்வது இயல்பே. இன்று 'ஃபைட் ஃபாரெவர்' விளையாட்டை வெளியிடும் டி.எச்.க்யூ. நார்டிக்கும் அந்தப் பழைய நிறுவனம் அன்று. பழையது 2012 டிசம்பரில் திவால் மனு அளித்தது, அதன் பெயரை 2014இல் வாங்கிய நார்டிக் கேம்ஸ் நிறுவனம் 2016இல் அப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஆக, பதிப்பாளரின் பழைய பெயர் இருக்கிறது, ஆட்கள்தாம் வேறு. ஆனால் ஒருவர் மட்டும் உண்மையாகவே அங்கிருந்து இங்கு வந்திருக்கிறார். 'நோ மெர்சி'யின் இயக்குநரான ஹிடேயுகி இவாஷிதாவை இப்பணியில் சேர்த்திருப்பதாக 2020 நவம்பரில் இவ்விளையாட்டு அறிவிக்கப்பட்டபோதே தெரிவித்திருந்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டு ஒன்றின் இயக்குநரை ஏன் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள் என்ற கேள்விக்கான விடையில்தான் 'ஆர்கேட் பாணி' என்பதன் பொருளும் அடங்கியிருக்கிறது.

ஆர்கேட் என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர். காசு போட்டு விளையாடும் பெட்டிகள் வரிசையாக நின்ற கூடம் அது. அங்கே வருபவருக்குக் கையேட்டைப் படிக்கப் பொறுமை இராது. பின்னால் நிற்பவர் தன் முறைக்காகக் காத்திருப்பார். எனவே பெட்டியைத் தொட்ட அரை நிமிடத்தில் விளையாட்டு பிடிபட்டாக வேண்டும். அதே நேரத்தில், நூறாவது முறை வருபவருக்கும் அதில் கற்றுக்கொள்ள ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் நூறாவது காசைப் போடமாட்டார். இந்த இரட்டைக் கட்டாயத்தில் பிறந்த கலைதான் ஆர்கேட் வடிவமைப்பு. 'டபுள் டிராகன்' விளையாட்டை உருவாக்கிய டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம், 1989இல் 'டபிள்யூ.டபிள்யூ.எஃப். சூப்பர்ஸ்டார்ஸ்' பெட்டியையும் 1991இல் 'ரெஸில்ஃபெஸ்ட்' பெட்டியையும் வெளியிட்டது. 'ரெஸில்ஃபெஸ்ட்'டில் ஹல்க் ஹோகன், அல்டிமேட் வாரியர், எர்த்குவேக் போன்றவர்களின் உருவங்கள் திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொருவரின் நடையும் தூக்கும் முறையும் அவரவர்க்கே உரியவை. அதற்கான அதிகாரபூர்வத் தொடர்ச்சி என்ற அறிவிப்போடு 'ரெட்ரோமேனியா ரெஸ்லிங்' என்ற விளையாட்டு 2021இல் வெளிவந்தது என்றால், முப்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டியின் நினைவு எத்தனை பேரிடம் தங்கியிருக்க வேண்டும் என்று பாருங்கள். 1995இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் பெட்டியோ இன்னும் ஒரு படி மேலே போனது. 'மார்ட்டல் காம்பட்'டில் செய்ததுபோலவே உண்மையான வீரர்களைப் படமெடுத்து உருவங்களாக்கி, அண்டர்டேக்கர் அடித்தால் ஆவிகள் பறப்பதாகவும், கோமாளி டாய்ங்க் கைகொடுத்தால் மின்சாரம் பாய்வதாகவும் அமைத்திருந்தார்கள். பார்த்த எவரும் இது மல்யுத்தமா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படிக் கேட்காததற்குக் காரணம் உண்டு. தொழில்முறை மல்யுத்தம் தன்னளவில் ஒரு மிகைக் கலை. 1989 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநில செனட் சபை முன்பு வின்ஸ் மக்மஹோனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த நிறுவனமே (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.), தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்றும், வெல்வதற்காகப் போட்டியிடும் விளையாட்டாக அதைக் கருத வேண்டியதில்லை என்றும் கூறி, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குக் கேட்டது. மேடையில் நிற்கும் இருவரும் எதிரிகளாக நடிக்கும் கூட்டாளிகள். ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தூக்கப்படுபவர் துள்ளி உதவாவிட்டால் அந்தத் தூக்கல் நிகழாது. நம் கூத்துக் கலைஞர் திரைக்குப் பின்னிருந்து தன் வேடத்தை அறிவித்துக்கொண்டு அவைக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு, இசையும் புகையும் சூழ மல்யுத்த வீரர் வரும் அந்த நீண்ட நடையின் நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய ஒன்றைக் கிரிக்கெட்டையோ கால்பந்தையோ போலத் துல்லியமாகப் போலச் செய்கிறேன் என்று ஒரு விளையாட்டு நிறுவனம் புறப்பட்டால், எதைப் போலச் செய்கிறது? நடிப்பையா, நடிப்புக்கு உள்ளே இருப்பதாகக் காட்டப்படும் போட்டியையா?

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. மேடையில் இருவரும் கூட்டாளிகள் என்றேன். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே திரையின் முன் உட்காரும் இருவரும் மெய்யான எதிரிகள். இருவருக்கும் வெல்ல வேண்டும். இந்த மெய்யான போட்டியிலிருந்து, ஒருவர் அடிவாங்கித் தளர்ந்து, கூட்டத்தின் ஆரவாரத்தில் மீண்டெழுந்து, கடைசியில் தன் பெயர்பெற்ற பிடியால் முடிக்கும் அந்த நாடக வடிவம் தானாகவே பிறக்க வேண்டும். இதைச் சாதிப்பதுதான் மல்யுத்த விளையாட்டு வடிவமைப்பின் உயிர்நிலை. உருவங்களின் தோலில் வியர்வை மின்னுகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்விகூட அன்று.

அகி நிறுவனத்தின் விளையாட்டுகள் இதைச் சாதித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1997இல் வந்த 'டபிள்யூ.சி.டபிள்யூ. எதிர் என்.டபிள்யூ.ஓ.: வேர்ல்ட் டூர்' தொடங்கி 'ரிவெஞ்ச்', 'ரெஸில்மேனியா 2000', 'நோ மெர்சி' வரையில் அடிப்படை ஒன்றுதான். பிடிப்பதற்கு ஒரே பொத்தான். அதைத் தட்டி விட்டால் இலேசான பிடி, சற்றே அழுத்திப் பிடித்தால் வலுவான பிடி. பிடித்த பிறகு திசையையும் ஒரு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வோர் உத்தி. பத்து வயதுச் சிறுவனுக்கு இரண்டு நிமிடத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் வலுவான பிடிக்குக் கை நீட்டும் அந்தக் கால் விநாடியில் எதிராளி கருவியின் மேல்விளிம்பில் உள்ள 'தோள்பட்டை'ப் பொத்தானை அழுத்தி அதைத் திருப்பிவிடக்கூடும் என்பதால், ஆட்டத்தின் தொடக்கத்தில் இலேசான பிடிகளோடு தொடங்கிப் படிப்படியாக வலுவைக் கூட்டுவதே விவேகம். மேடையில் நிகழும் ஆட்டத்தின் நடையும் அதுதானே! யாரும் கட்டளையிடாமலேயே ஆடுபவர்கள் அந்த நடைக்கு வந்து சேர்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது, அவ்விளையாட்டுகளில் உயிர்ப்பட்டை கிடையாது என்பது. எத்தனை அடி வாங்கினால் ஒருவர் தோற்பார் என்று காட்டும் கோடு திரையில் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக உத்வேகத்தைக் காட்டும் பட்டை ஒன்று உண்டு. எதிராளியை அடித்தால் அது ஏறும். கூட்டத்தை நோக்கிக் கையை உயர்த்திச் சவடால் காட்டினாலும் ஏறும்! அது உச்சத்தைத் தொட்டு மின்னும் அந்தச் சில நொடிகளில்தான் பெயர்பெற்ற முடிவுப் பிடியைப் போட இயலும். சவடாலுக்கும் முடிவுப் பிடிக்கும் கருவியில் உள்ள ஒரே திசைக் குச்சியைத்தான் திருக வேண்டும் என்று அமைத்தவரின் குறும்பை நான் இன்றும் வியக்கிறேன். குத்துச்சண்டைப் போட்டி ஒன்றை வைத்து விளையாட்டு உருவாக்குபவர், நடுவில் நின்று மார்தட்டுவதற்குப் பலன் தருவாரா? மல்யுத்தத்தில் தந்தாக வேண்டும். ஏனெனில் அங்கே மார்தட்டுவதும் ஆட்டத்தின் பகுதி. எளிமையான பொத்தான்களுக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருந்ததை அறிந்துதான் இவாஷிதாவை அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். புதிய விளையாட்டின் முன்னோட்டக் காட்சிகளிலும் அந்த உத்வேகப் பட்டையைக் காண முடிகிறது.

துல்லியம் என்ற மறுபாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நாம் அண்மையில் பார்த்தோம். பழைய டி.எச்.க்யூ. வீழ்ந்த பின் டபிள்யூ.டபிள்யூ.இ. உரிமம் 2013இல் 2கே நிறுவனத்துக்குச் சென்றது; அடுத்தடுத்த பதிப்புகளில் தோற்றப் பொருத்தத்துக்கும் நம்பகத்தன்மைக்கும் முதலிடம் என்றார்கள். பல ஆண்டுகள் அத்தொடரை உருவாக்கிவந்த யூக்ஸ் விலகிய பின்னர், 2019 அக்டோபரில் வெளியான '2கே20' பிழைகள் மலிந்து, உருவங்கள் சிதைந்து, வாங்கியவர்களின் நகைப்புக்கு இடமானது. 2020 ஜனவரி 1ஆம் தேதி பிறந்ததும் அவ்விளையாட்டு பலருக்குத் திறக்கவே மறுத்தது. கருவியின் நாட்காட்டியை முந்தைய ஆண்டுக்குத் திருப்பினால் மீண்டும் இயங்கியது. தன் பெயரிலேயே 20 என்ற எண்ணைத் தாங்கிய விளையாட்டு 2020ஆம் ஆண்டைத் தாங்க முடியாமல் போனது வேடிக்கைதான். அடுத்த ஆண்டுக்கான பதிப்பையே கைவிட்டார்கள்.

அதற்காக, ஆர்கேட் என்று பெயர் சூட்டியவை எல்லாம் நல்லவை என்று நான் வாதிடவில்லை. அந்த இடைவெளியில், 2020 செப்டம்பரில், அதே 2கே வெளியிட்ட 'பேட்டில்கிரவுண்ட்ஸ்' ஆர்கேட் பாணியில் அமைந்ததே. எதிராளியை முதலைக்கு இரையாக்கும் களம்கூட அதில் இருந்தது. முதலையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீரர்களில் பலரைப் பூட்டி வைத்து, விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் நாணயத்தாலோ கைக்காசாலோ திறக்கச் சொன்னார்கள். காசுப் பெட்டியின் கலையை விட்டுவிட்டுக் காசை மட்டும் எடுத்துக்கொண்ட செயல் அது. மாறாக, 2011இல் பழைய டி.எச்.க்யூ. வெளியிட்ட 'ஆல் ஸ்டார்ஸ்' உருவங்களைப் பொம்மைகளைப்போல உப்ப வைத்து, வீரர்களை வானத்துக்கு எறிந்து பிடித்து, அந்தக்கால வீரர்களையும் இந்தக்கால வீரர்களையும் மோதவிட்டது. மிகையை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டதாலேயே அது மனத்தில் நின்றது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் குறிப்பிடலாம் என்று கருதுகிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊரில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 விளையாட விடும் கடை ஒன்று இருந்தது. அங்கே தேய்ந்துபோகும் அளவுக்கு ஓடிய தட்டு, யூக்ஸ் 2003இல் உருவாக்கிய 'ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெயின்'. அட்டைகளில் வீரர்களின் உயரத்தையும் எடையையும் பார்த்து மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, அவர்களை ஓடவும் பறக்கவும் விட்ட அந்த வேகமான விளையாட்டு பெரிய வரம். எங்களில் ஒருவன் ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் அடிக்காமல் முதலில் சவடால் காட்டுவான். அடி வாங்குவான், பல நேரம் தோற்பான். ஆனாலும் அவன் ஆடும்போதுதான் கடைக்காரர் உட்பட எல்லோரும் வந்து பின்னால் நின்றார்கள். அவன் விளையாட்டைப் புரிந்துகொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழ் வாசகர்களில் ஒரு பெருந்தொகையினர் யூக்ஸ் என்ற பெயரை அறியாமலேயே அதன் உழைப்போடு வளர்ந்தவர்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் மறந்துவிடக் கூடாது. அந்நிறுவனம் 2005 முதல் 2012 வரை நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் என்ற மல்யுத்த அமைப்புக்கே உரிமையாளராக இருந்தது. அதாவது, மேடையின் கணக்கு வழக்குகளையும் பார்த்த ஒரு விளையாட்டு நிறுவனம் அது.

இனி, வரவிருக்கும் விளையாட்டைப் பற்றி. ஆல் எலீட் ரெஸ்லிங் என்ற அமைப்பே 2019இல் தொடங்கப்பட்டதுதான். அதன் முன்னணி வீரர்களுள் ஒருவரான கென்னி ஒமேகா இவ்விளையாட்டின் உருவாக்கத்தில் நேரடியாகப் பங்கெடுத்திருக்கிறார். ஏணி ஆட்டம், மூவர் மற்றும் நால்வர் ஆட்டங்கள் ஆகியவற்றோடு, வெடிக்கும் முள்கம்பி ஆட்டம் என்ற ஒன்றையும் சேர்த்திருப்பது என் ஆவலைத் தூண்டுகிறது. 1990இல் தோக்கியோவில் அட்சுஷி ஒனிட்டா என்ற ஜப்பானிய மல்யுத்த வீரர் தொடங்கிவைத்த அபாயகரமான வகை அது. 2021 மார்ச் 7ஆம் தேதி, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், ஒமேகாவும் ஜான் மாக்ஸ்லியும் அப்படியொரு ஆட்டத்தை ஆடினார்கள். முடிவில் மேடையே வெடித்துச் சிதறும் என்று அறிவித்திருந்தார்கள். விழுந்து கிடந்த மாக்ஸ்லியைக் காக்க எட்டி கிங்ஸ்டன் என்ற சக வீரர் ஓடிவந்து அவர்மீது படுத்து மறைத்துக்கொண்டார். நேரம் முடிந்தது, நான்கு மூலைகளிலும் சில மத்தாப்புப் பொறிகள் பறந்தன, அவ்வளவே. சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு நமத்துப்போன வெடியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கிங்ஸ்டனுக்காக வருந்தினேன். திரைக்குள் நிகழும் வெடிக்கு நமத்துப்போகும் வாய்ப்பு இல்லை என்பது ஆர்கேட் பாணிக்குக் கிடைத்த ஒரு சிறிய அனுகூலம்.

இதையே விளையாட்டாக அல்லாமலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்விளையாட்டில் மறைந்த மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட்டும் இடம்பெறுகிறார். 1999 மே 23ஆம் தேதி, கான்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில் நடந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சியில், நகைச்சுவையான ஒரு வீரநாயக வேடத்தில் அவரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பிணைப்பு விடுபட்டு, மேடைமீது விழுந்து, 34ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய துணைவி மார்த்தா ஹார்ட் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்; 2000ஆம் ஆண்டில் அது இழப்பீட்டோடு முடிந்தது. அதன்பிறகும் ஓவனின் பெயரையும் உருவத்தையும் அந்நிறுவனம் பயன்படுத்துவதை அவர் தொடர்ந்து எதிர்த்துவந்தார். 2021 செப்டம்பரில்தான் ஓவன் ஹார்ட் அறக்கட்டளைக்கும் ஏ.இ.டபிள்யூ.வுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டு, அதன் பயனாக அவர் உருவம் இவ்விளையாட்டில் வருகிறது. மிகையான ஒரு வருகைக் காட்சிக்காகத் தன் உடலைப் பணயம் வைக்கும்படி ஆன மனிதர் அவர். மிகைக்கு உடலைக் கேட்காத இடம் ஒன்று உண்டென்றால் அது வீடியோ விளையாட்டின் திரைதான். அங்கே ஓவன் ஹார்ட் எத்தனை உயரத்திலிருந்து குதித்தாலும் எழுந்து நிற்பார். பொம்மை போன்ற உருவம் என்று தங்கள் கட்டுரையாளர் குறை கண்ட இடத்தில் நான் ஆறுதல் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு அச்சங்களும் இல்லாமல் இல்லை. சில வீரர்களைக் கூடுதல் கட்டணத்துக்குத் தனியே விற்கப்போவதாக இப்போதே அறிவித்துவிட்டார்கள். வாங்கியவர் கையில் முழுமையான விளையாட்டைக் கொடுத்துப் பழகிய காலத்தின் பெயரைச் சொல்லி விற்கும்போது இது உறுத்துகிறது. அதுவன்றி, பழைய விளையாட்டுகளின் மீதான ஏக்கத்தை மட்டும் நம்பி எழுப்பிய கட்டடம் நெடுநாள் நிற்காது. 'நோ மெர்சி' விளையாட்டு அடங்கிய முதல் பேழைகளில் (கார்ட்ரிட்ஜ்) சேமித்த ஆட்டங்கள் தாமாகவே அழிந்துபோகும் கோளாறு இருந்ததையும், பிறகு அவற்றை மாற்றித்தர நேர்ந்ததையும் ஏக்கக்காரர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். இவ்விளையாட்டும் அதே பாதையில் தடுக்கி விழலாம். விழுந்தால் அதை எழுதும் உரிமை விமர்சகருக்கு உண்டு.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஜூன் 29க்குப் பிறகு இவ்விளையாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் மதிப்புரை வெளியிடுவதாயின், எழுதுபவர் தனியாக அறையில் அமர்ந்து உருவங்களின் மினுமினுப்பை அளக்க வேண்டாம். நிண்டெண்டோ 64 கருவியின் முகப்பில் நான்கு பேருக்கான நான்கு இணைப்புகள் இருந்தன. 'நோ மெர்சி'யின் புகழில் பாதி அந்த நான்கு துளைகளுக்கு உரியது. அலுவலகத்தில் இருந்தோ வீட்டில் இருந்தோ இன்னும் மூவரை அழைத்துக்கொள்ளட்டும். அவர்களில் ஒருவராவது இதுவரை மல்யுத்த விளையாட்டையே தொட்டிராதவராக இருக்கட்டும். அவர் எத்தனை நிமிடத்தில் பொத்தான்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்துகிறார், எத்தனையாவது ஆட்டத்தில் அடிப்பதை விட்டுவிட்டு முதலில் சவடால் காட்டுகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து எழுதட்டும். அந்தக் கட்டுரை எதிர்மறையாகவே அமைந்தாலும் நான் மறுப்புக் கடிதம் எழுதமாட்டேன்.

'நோ மெர்சி' குறித்த தகவல் பிழையை மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர்,
கோவில்பட்டி